ஒரே கேள்வியால் பறிபோகும் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ள இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி அளிக்கும் சிறப்பாசிரியர் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். எங்கள் மாணவர்கள் வேலையில் சேர்ந்த சில வாரங்களிலேயே திருப்பி அனுப்பப்படும்போது, அதற்குத் திறமைக் குறைவு காரணமாக இருப்பது அரிது. பருப்பை எடைபோட்டுப் பொட்டலம் கட்டுவதையும், அச்சகத்தில் தாள்களை வரிசை பிசகாமல் அடுக்குவதையும் அவர்கள் செம்மையாகவே செய்கிறார்கள். ஆனால், "சாப்பாட்டு நேரம் எப்போது?", "நாளைக்குக் கடை உண்டா?" என்று கேட்டு, பதில் கிடைத்த ஐந்தாவது நிமிடத்தில் அதே கேள்வியை மீண்டும் கேட்பதுதான் உடன் வேலை செய்வோரைச் சலிப்படைய வைக்கிறது.

பெரும்பாலான நேரங்களில் அந்த மாணவருக்குப் பதில் தெரியும். அடுத்து என்ன நடக்கும் என்ற பதற்றமோ, பேச்சைத் தொடங்க வேறு வழி தெரியாமையோதான் அவரைக் கேட்க வைக்கிறது. ஆகவே, "எத்தனை முறை சொல்வது?" என்று அதட்டினால் பதற்றம் கூடி, கேள்வியும் கூடுகிறது. ஒருவர் "ஒரு மணிக்கு" என்றும், இன்னொருவர் "இன்னும் நேரம் இருக்கிறது" என்றும், மூன்றாமவர் "பேசாமல் வேலையைப் பார்" என்றும் சொல்லும் இடத்தில் அந்த மாணவருக்கு நிம்மதி எப்படிக் கிடைக்கும்?

செலவில்லாத வழிகள் இருக்கின்றன. அன்றைய வேலைகளையும் இடைவேளைகளையும் எழுத்திலோ படத்திலோ காட்டும் ஓர் அட்டையை அவர் கண்ணில் படும்படி வைக்கலாம். முதல் முறை கேட்கும்போது வாயால் பதில் சொல்லிவிட்டு, அடுத்த முறை அதே அமைதியுடன் அட்டையைச் சுட்டிக்காட்டினால், நாளடைவில் அவர் நம்மிடம் வராமல் அட்டையிடம் போகப் பழகுவார். எழுதத் தெரிந்தவர் கேள்வியையும் பதிலையும் சட்டைப்பை நோட்டில் தாமே குறித்துக்கொள்ளலாம். பேச்சுக்காகவே கேட்பவருக்குத் தேநீர் வேளையில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அதுவரை காத்திருக்கச் சொல்லித் தருவது நல்ல பலன் தரும். எந்த வழியானாலும், மேற்பார்வையாளர் முதல் காவலாளி வரை எல்லோரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுவது நம் நோக்கமாக இருக்கக் கூடாது என்பதையும் வலியுறுத்த விரும்புகிறேன். உடம்புக்கு முடியாதபோதும், இயந்திரம் சிக்கிக்கொண்டபோதும் வாய் திறக்க அஞ்சும் ஒருவரை உருவாக்கிவிட்டால், அது பெருந்தீங்கு.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத ஆட்டிசம், 21 வகைக் குறைபாடுகளை ஏற்ற 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அரசு நிறுவனங்கள் இத்தகைய ஊழியருக்குத் தேவையான மாற்றங்களைச் செய்துதர வேண்டும் என்று அதன் 20-ஆம் பிரிவும், ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை அறிவிக்க வேண்டும் என்று 21-ஆம் பிரிவும் கூறுகின்றன. சாய்தளமும் கைப்பிடியும் கேட்டால் புரிந்துகொள்ளும் நிர்வாகங்கள், ஓர் அட்டையும் கொஞ்சம் பொறுமையும் இதே உரிமையைச் சேர்ந்தவை என்பதை இன்னும் உணரவில்லை.

பள்ளிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. வகுப்பறையில் ஆசிரியர் அருகிலேயே இருந்து சலிக்காமல் பதில் சொல்லிப் பழக்கிவிட்டு, திடீரென்று ஒரு கடைக்கு அனுப்பினால் மாணவர் தடுமாறத்தான் செய்வார். எனவே, பயிற்சியின் கடைசி ஆண்டில் வாரத்தில் சில நாட்களாவது உண்மையான பணியிடத்தில், ஆசிரியர் துணையுடன், இதே அட்டையையும் நோட்டையும் பயன்படுத்திப் பழகும் வகையில் பாடத்திட்டம் அமைய வேண்டும். ஆசிரியரின் துணை வேலை கிடைத்த அன்றோடு நின்றுவிடாமல் முதல் சில மாதங்களுக்கேனும் தொடர, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழிசெய்ய வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிறப்பாசிரியர் ஒருவர்,
மதுரை.