மழையில் நின்ற வண்டி: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அனைவருக்கும் வணக்கம்.

நம் டூவீலர் ஒர்க் ஷாப்பில் சர்வீஸே செய்யாமல் காசு வாங்கிவிட்டோம் என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றுவது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கும் இந்நேரம் வந்திருக்கும். எனக்கே மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள், அதில் ஒருவர் என் மைத்துனர். சும்மா இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை.

நடந்தது இதுதான். போன வாரம் நம்மிடம் சர்வீஸ் முடித்து வண்டி எடுத்துப்போன ஒருவர்தான் அதைப் போட்டவர். நான்காம் நாள் ராத்திரி கொட்டும் மழையில் தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதைக்குள் இறங்கியிருக்கிறார். முழங்காலுக்கு மேல் தண்ணீர். முன்னால் பஸ் போகிறதே, நாமும் போய்விடலாம் என்று தோன்றியிருக்கும். பஸ் கிளப்பிவிட்ட அலை வந்து அடிக்க, நட்ட நடுவில் வண்டி ஆஃப். அங்கேயே நின்று செல்ஃபை அழுத்தியிருக்கிறார், கிக்கரையும் உதைத்திருக்கிறார். மறுநாள் காலை குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி நம் வாசலில் இறக்கினார்கள்.

ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை மிதித்தேன். துளை வழியாகத் தண்ணீர் பீறிட்டது. ஆயில் போல்ட்டைத் திறந்தால், ஆயில் தண்ணீரோடு கலந்து பால் தூக்கலாக ஊற்றிய டீ மாதிரி வருகிறது. எஞ்சினுக்குள் காற்று போனால் பிஸ்டன் அதை அமுக்கிவிடும். தண்ணீரை அமுக்க முடியாது. அந்த நேரத்தில் செல்ஃபை விடாமல் அழுத்தினால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளையும். வளைந்தால் எஞ்சினை முழுக்கப் பிரித்தாக வேண்டும். இவருக்கு வளையவில்லை, அதிர்ஷ்டம்.

வண்டி நின்றது அவருக்குக் கோபம், நியாயம்தான். இருட்டில், மழையில், முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளியவருக்குக் கோபம் வராமல் இருக்குமா? மெசேஜில் சொன்ன மற்றதையெல்லாம் விட்டுவிடுகிறேன். "வாட்டர் வாஷ் மட்டும் அடிச்சுட்டுக் காசு வாங்கிட்டாங்க" என்று ஒரு வரி சொல்லியிருக்கிறாரே, அதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது.

வாட்டர் வாஷை நாம் முதலில் அடிப்பது பளபளப்புக்காக இல்லை. சேறு அப்பியிருந்தால் ஆயில் எங்கே கசிகிறது, ஒயர் எங்கே அறுந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அப்புறம்தான் வேலையே ஆரம்பம். பழைய ஆயிலை இறக்கி, புது ஆயில் கேனின் சீலை நீங்கள் இருந்தால் உங்கள் முன்னால் உடைக்கிறோம். ட்ரம்மைக் கழற்றி ப்ரேக் ஷூவைத் தேய்க்கிறோம், தேய்ந்திருந்தால் மாற்றுகிறோம். ஏர் ஃபில்டர், செயின், கேபிள் எல்லாம் கை படாமல் போவதில்லை. கழற்றிய பழைய ப்ளக், பழைய ஷூ எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டித்தான் தருகிறேன். அந்தக் கவர் எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு, வாசலிலேயே வீசிவிட்டுப் போனவர்களும் உண்டு. இதற்காகத்தான் சார்.

இவர் வண்டியில் ப்ளக் கேப் ரப்பரில் லேசான வெடிப்பு இருந்தது, அதைக் காசு வாங்காமல் மாற்றியாகிவிட்டது.

மழை இன்னும் முடியவில்லை. டிசம்பர் வரைக்கும் இப்படித்தான் இருக்கும். அதனால் சில விஷயம் சொல்லிவைக்கிறேன். சைலன்சர் முனை முங்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றால் இறங்காதீர்கள், சுற்றிப் போங்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் முதல் கியரில் ஆக்ஸிலேட்டரை விடாமல் ஒரே சீராகப் போங்கள். புகை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை சைலன்சர் வழியாகத் தண்ணீர் சுலபமாக ஏறாது. நின்றுவிட்டதா, செல்ஃபைத் தொடாமல் தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வாருங்கள், எனக்கு போன் அடியுங்கள். தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் ப்ரேக்கை லேசாக நாலைந்து முறை அழுத்தி விடுங்கள். ட்ரம் ப்ரேக் நனைந்திருந்தால் முதல் பிடியில் பிடிக்காது. சாலையில் அடித்த வெள்ளைக்கோடு, இரும்பு மூடி இரண்டின் மேலும் ப்ரேக்கும் வேண்டாம், வளைப்பதும் வேண்டாம். ஸ்கூட்டர் வைத்திருக்கும் அக்காமார்களுக்குத் தனியாக ஒன்று: பெல்ட்டில் தண்ணீர் பட்டால் ரேஸ் கொடுத்தாலும் வண்டி நகராது, பதற வேண்டாம்.

அப்புறம் பெட்ரோல். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து டேங்க் அடியில் தங்கிவிடும். டேங்க் மூடியைச் சுற்றித் தேங்கும் மழைநீர் வடிய ஒரு சின்ன ஓட்டை உண்டு. அது மண்ணால் அடைத்திருந்தால் தண்ணீர் உள்ளேதான் போகும். வந்து காட்டுங்கள், ஊதி விடுகிறேன். அதற்கெல்லாம் காசு கிடையாது.

நம்முடன் ஏழு வருஷம் இருந்த பையன் தீபாவளிக்கு அப்புறம் வேலைக்கு வரவில்லை. உணவு டெலிவரிக்குப் போய்விட்டான். நம்மிடம் கற்றுக்கொண்டவன், இந்த மழையில் அவன் வண்டி நிற்காது. இப்போது நானும் புதிதாக வந்த ஒரு தம்பியும்தான். காலையில் விட்டால் சாயங்காலம் கிடைத்த வண்டி இனி மறுநாள் ஆகலாம், பொறுத்துக்கொள்ள வேண்டும். 2025 செப்டம்பரில் பார்ட்ஸுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததை அப்படியே பில்லில் குறைத்துத்தான் கொடுத்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். லேபர் மட்டும் ஒன்றாம் தேதியிலிருந்து 400 இல்லை, 500.

2015 டிசம்பரில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தபோது டூல் பெட்டிகளை மாடிக்குத் தூக்கியவர்கள் வாடிக்கையாளர்கள்தான். 2023-இல் மிக்ஜாம் புயல் ஓய்ந்த பிறகு தண்ணீர் குடித்த வண்டிகள் தெருமுனை வரை நின்றன. ஒருவர்கூட முதலில் என்னுடையதைப் பார் என்று சண்டை போடவில்லை. பக்கத்து வீட்டு அம்மா மூன்று நாளும் சாப்பாடு கொடுத்தார்கள். அந்த நன்றியை நான் மறந்தவன் இல்லை. இந்த மெசேஜைக் கேட்டுவிட்டும் நேற்று வண்டி விட்டுப்போன ஆறு பேருக்கும் தனியாக நன்றி.

மெசேஜ் போட்ட சாருக்கு: நம் பழக்கம் பதினோரு வருஷம், பெயரை எங்கும் சொல்லவில்லை. வண்டி ரெடி. ஆயிலை இரண்டு தடவை ஊற்றி அலசி, மூன்றாவதாகப் புதுசு ஊற்றியிருக்கிறேன். ஆயிலுக்கு மட்டும் கொடுத்தால் போதும். ராத்திரி எட்டரை வரை கடையில் இருப்பேன். பழைய ப்ளக்கும் கேப்பும் கவரில், ஹேண்டில்பாரில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மெக்கானிக்,
ஆதம்பாக்கம், சென்னை