எங்கள் பிள்ளைகளை வேலைக்குக் கூப்பிடும் ஸ்டார்ட்அப் நிறுவனர்களுக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து

தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

கோலாலம்பூரிலும் சைபர்ஜெயாவிலும் புதிதாகத் தொழில் தொடங்கிவிட்டு, பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களிலும் ஆள் தேடுகிறீர்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். நான் இங்கே கணக்கு எழுதும் தொழில் செய்கிறேன். கடைக்காரர்களுக்குச் சம்பளச் சீட்டு போடுவதும் ஊழியர் சேமநிதியான இபிஎஃப், சமூகப் பாதுகாப்புக் காப்புறுதியான சொக்சோ கட்டுவதும் என் அன்றாட வேலை. அதனால் உங்கள் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் பிள்ளைகள் பலர் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்துவிடுகிறார்கள்.

"ரிஸ்க் எடுக்கத் தயாரா? முழு ஈடுபாடு இருக்கிறதா?" நேர்காணலில் நீங்கள் இதைக் கேட்பதாகச் சொல்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் அசந்தால் மற்ற ஒன்பது பேர் தலையில் விழும். கையில் உள்ள முதலீடு தீர்வதற்குள் வாடிக்கையாளர் வர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முதலீட்டாளர் வர வேண்டும். 2012-இல் கோலாலம்பூரில் மைடெக்சி என்று தொடங்கிய வாடகைக் கார் செயலி கிரெப் ஆகி, 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கே போனது. அந்தக் கதையை எல்லாரும் சொல்கிறீர்கள். அதே ஆண்டுகளில் கதவை மூடியவர்களைப் பற்றியும் சொல்லுங்கள்.

ரிஸ்க் எடுப்பதை நீங்கள் மனத்துணிச்சலாகப் பார்க்கிறீர்கள். என் மேசையில் அது வெறும் கணக்கு. 3,000 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம் என்று வையுங்கள். 11 விழுக்காடு இபிஎஃப், 330 வெள்ளி போய்விடும். அப்புறம் அறை வாடகை, மோட்டார் தவணை, உயர்கல்விக்கு வாங்கிய பிடிபிடிஎன் கடன், வீட்டுக்கு அனுப்பும் பணம். சம்பளம் இரண்டு மாதம் தள்ளிப்போனால் கோலாலம்பூரில் சொந்த வீடு உள்ள பையன் அப்பா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு சமாளித்துவிடுவான். எங்கள் பையனுக்கு அப்படியில்லை. அவன் பணம் நின்றால் இங்கே வீட்டுத் தவணையும் நிற்கும், தங்கையின் படிப்பும் நிற்கும். இருவருக்கும் துணிச்சல் ஒன்றுதான்.

எங்கள் சனங்கள் ரிஸ்க்குக்குப் பயந்தவர்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலியும் இல்லை. தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது வேலையும் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் சேர்ந்தே போயின. அந்தச் சமயத்தில்தான், 1960-இல், இந்த ஊரில் பிறந்த, அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. அதைத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். அன்றைய கூலியில் பத்து வெள்ளி சின்னக் காசு இல்லை. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பணம் எதற்குப் போகிறது என்று கட்டியவருக்குத் தெரியும். பங்கும் அவர் பேரிலேயே இருந்தது. அப்படிக் கேட்டால் எங்கள் ஊர் இன்றைக்கும் கொடுக்கும்.

இப்போது நான் பார்ப்பதைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஒரு பையன் சம்பளச் சீட்டுகளோடு வந்தான். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மாதாமாதம் 330 வெள்ளி பிடித்ததாகச் சீட்டில் இருக்கிறது. கைப்பேசியில் இபிஎஃப்பின் இணையக் கணக்கான ஐ-அக்காவுனைத் திறந்து காட்டினான். நான்கு மாதம் காலி. பிடித்த பணமும் வரவில்லை, முதலாளி போட வேண்டிய 13 விழுக்காடும் வரவில்லை. அந்த நான்கு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகூட வேலைக்குப் போயிருக்கிறான். "அடுத்த முதலீடு வந்ததும் கட்டிவிடுவோம்" என்றார்களாம். தம்பிகளே, இபிஎஃப் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டிய பணம். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது குற்றம். நிறுவனம் கட்டாவிட்டால் இயக்குநர்களே சொந்தமாகப் பொறுப்பு. ஊழியரைக் கேட்காமல் அவர் சேமிப்பிலிருந்து கடன் வாங்குவதை ரிஸ்க் என்று சொல்ல என்னால் முடியாது.

அடுத்தது பங்கு. "சம்பளம் குறைவு, ஆனால் பங்கு தருவோம்" என்கிறீர்கள். வழக்கமாக அது நான்கு ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும், முதல் ஆண்டு முடியும்வரை ஒன்றும் கிடையாது. வேலையிலிருந்து நிறுத்தினால் கிடைக்கும் சட்டப்படியான இழப்பீடும் 12 மாதம் வேலை செய்தவருக்குத்தான். வேலை போனவருக்கு உதவும் வேலைக் காப்புறுதியில் முதல் தடவை உதவி கேட்கவும் 12 மாதச் சந்தா வேண்டும். ஆக, முதல் வேலைக்கு வரும் பிள்ளையைப் பதினோராவது மாதம் அனுப்பிவிட்டால் இந்த மூன்றில் எதுவும் அவன் கைக்கு வராது. முதல் ஆண்டு ரிஸ்க் கிட்டத்தட்ட முழுதும் அவன் தலையில்தான். நேர்காணலில் இதை யாராவது வாயைத் திறந்து சொல்கிறீர்களா? பத்தாயிரம் பங்கு என்று எழுதுகிறீர்கள், மொத்தம் எத்தனை பங்கு என்று எழுதுவதில்லை. நிறுவனத்தை விற்றால் முதலீட்டாளர் தம் பங்கை முதலில் எடுத்துக்கொண்ட பிறகு ஊழியருக்கு என்ன மிஞ்சும் என்பதும் இல்லை. நான் பார்த்த ஒரு கடிதத்தில் "பங்கு குறித்துப் பின்னர் பேசப்படும்" என்று ஒரே வரி இருந்தது.

போகாதே என்று நான் யாரையும் தடுப்பதில்லை. அரசாங்க வேலைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த பெற்றோரிடமே பேசிப் பிள்ளைகளை அனுப்பி வைத்திருக்கிறேன். பெரிய கம்பெனியில் பல வருடம் காத்திருந்து பழக வேண்டிய வேலையை, இந்த இடங்களில் ஒரே வருடத்தில் பழகிவிடுகிறார்கள். இரவு பகல் பார்க்காமல் உழைக்கவும் எங்கள் பிள்ளைகள் தயங்க மாட்டார்கள்.

அதற்கு ஈடாக நான் கேட்பது இவ்வளவுதான். கையில் உள்ள பணம் எத்தனை மாதத்துக்கு வரும் என்பதை, கையெழுத்து வாங்குவதற்கு முன்பே சொல்லுங்கள். பங்குக் கணக்கைக் கடிதத்திலேயே எழுதுங்கள். பணம் தீரப்போகிறது என்றால் இரண்டு மாதம் முன்னதாகவே வாயைத் திறந்து சொல்லுங்கள், பிள்ளை வேறு வேலை பார்த்துக்கொள்ளும். இபிஎஃப்பில் மட்டும் எந்த நெருக்கடியிலும் கை வைக்காதீர்கள்.

அடுத்த முறை ஆள் எடுக்கும்போது ஒரு சனிக்கிழமை இங்கே வாருங்கள். பெற்றோரையும் நான் கூப்பிடுகிறேன். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நேரில் பதில் சொல்லுங்கள். இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் நான் பொறுப்பு.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கணக்காளர்