16 வாரத்தில் 7 பெரும் போட்டிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் தங்கையின் மகன் பத்தாம் தரத்தில் படிக்கிறான். டபிள்யூ.டபிள்யூ.ஈ. மல்யுத்தத்தில் ரோ, ஸ்மாக்டவுன் இரு அணிகளும் தத்தம் பெரும் போட்டிகளை மறுபடி தனித்தனியே நடத்த வேண்டும் என்று அவனும் கூட்டாளிகளும் எங்கள் வீட்டு விறாந்தையில் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்க முடியாமல் எழுதுகிறேன்.

அப்படித் தனித்தனியே நடத்திய 2017 அவர்களுக்கு நினைவில்லை. எனக்கு நன்றாக இருக்கிறது. ஏப்ரல் 30 முதல் ஓகஸ்ட் 20 வரை, 16 வாரத்துக்குள் ஏழு பெரும் போட்டிகள். அமெரிக்காவில் ஞாயிறு இரவென்றால் இங்கே திங்கள் விடியற்காலை. ஐந்தரைக்கு எழுந்து பார்த்துவிட்டு, செட்டியார் தெரு நகைக்கடையில் கணக்குப் புத்தகத்தின் மேல் கொட்டாவி விட்டவன் நான்.

தூக்கம் போனதுகூடப் பரவாயில்லை. ஸ்மாக்டவுனில் ரண்டி ஓர்ட்டனும் ஜிந்தர் மஹாலும் மே மாதம் மோதினார்கள், ஜூனில் மோதினார்கள், ஜூலையில் மூங்கில் கூண்டுக்குள் மோதினார்கள். மூன்றிலும் ஜிந்தரே வென்றார். அவர்களைக் குறை சொல்லி என்ன? ஆட்களைப் பாதியாகப் பிரித்துவிட்டு மாதந்தோறும் மேடை போட்டால் வேறு யாரை இறக்குவது?

1994-இல் வருடத்துக்கு ஐந்தே பெரும் போட்டிகள். ஜம்பட்டா வீதியில் ஒரு கடையில் வீடியோ நாடா வாடகைக்கு எடுப்போம். மாதங்கள் பிந்தித்தான் வரும். அந்த ஐந்தில் ஒன்றான ஜனவரி ரோயல் ரம்பிளில் ஓவன் ஹார்ட், அண்ணன் ப்ரெட்டின் அடிபட்ட காலிலேயே உதைத்தார். சரியாக அந்த இடத்தில் நாடா தேய்ந்துபோய்த் திரையின் அடியில் வெள்ளைக் கோடுகள் ஓடும். எங்களுக்கு முன் எத்தனை வீடுகளில் திருப்பித் திருப்பிப் போட்டார்களோ! மல்யுத்தம் என்றாலே முகம் சுளிக்கும் எங்கள் ஆச்சி, "கூடப்பிறந்தவனையா?" என்று கேட்டுவிட்டு முழுவதும் உட்கார்ந்து பார்த்தார். மார்ச்சில் தம்பி அண்ணனை வென்றார். இரும்புக் கூண்டில் அண்ணன் பதில் சொன்னது ஓகஸ்டில். அந்த ஐந்து மாதமும் கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு வேறு பேச்சில்லை.

தனித்தனிப் போட்டிகளை அந்த நிறுவனமே 2003-இல் தொடங்கி 2007-இல் கைவிட்டது. 2016-இல் மீண்டும் தொடங்கி, ஆண்டின் ஆகப்பெரிய போட்டியான ரெஸில்மேனியா 2018-இல் முடிந்தபின் மறுபடி கைவிட்டது. இப்போதோ ரெஸில்மேனியா 2020 முதல் இரண்டு இரவு. 2025-இல் சமர்ஸ்லாமும் இரண்டு இரவாயிற்று. இருப்பதே அதிகம்.

எங்கள் செட்டியார் தெருவில் பழைய கதிரேசன் கோயில், புதிய கதிரேசன் கோயில் என்று இரண்டு இருக்கின்றன. அதற்காக மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆடிவேல் விழா எடுக்கிறார்களா?

மருமகனிடம் சொல்லிவிட்டேன்: ரெஸில்மேனியா என்றால் விடியற்காலையில் நானே எழுப்பித் தேநீரும் போட்டுத் தருவேன். மற்றவற்றுக்கு அவனே அலாரம் வைத்துக்கொள்ளட்டும்.

இங்ஙனம்,
பழைய ரசிகன்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.