எடின்பரோ வெயிலும் செங்கோட்டை வெயிலும்

எடின்பரோ, ஸ்காட்லாந்து,
டிசம்பர் 20

அன்புத் தங்கை செல்விக்கு,

இங்கு நலம். அம்மா, அப்பா, ஆச்சி எல்லாரும் நலமா? தினம் ஒரு படம் எடுக்க ஆசை, ஆனால் நம்ம ஊரில் எடுக்க என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். ஊரைக் குறை சொல்லாதே. நீ படமெடுக்கப் போனைத் தூக்கும் மத்தியான நேரம்தான் கோளாறு.

இங்கே இப்போது சூரியன் வருவது காலை 8.40 வாக்கில், போவது பிற்பகல் 3.40க்கு. உச்சிப்பொழுதிலும் அடிவானத்திலிருந்து 11 பாகைக்கு மேல் ஏறாது. ஆள் உயரத்தைப் போல ஐந்து மடங்கு நிழல் விழும். வெயில் நாள் முழுக்கப் பக்கவாட்டில் அடிப்பதால் கல்சுவரின் சொரசொரப்பு, ஈரத் தரை, வீதியோரக் குப்பைத்தொட்டி கூட எடுப்பாகத் தெரியும். மூட்டமான நாள்தான் அதிகம். அன்றைக்கு முகம், கதவு, இலை இவற்றை எடுப்பார்கள். வானத்தைப் படச் சட்டத்துக்குள் விடமாட்டார்கள், வெறும் வெள்ளைத் தாளாகிவிடும்.

நமக்கோ சித்திரை ஒன்றை ஒட்டிச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நிழல் காலடியில் சுருங்கும், முகத்தில் கண்குழி கறுக்கும். அதனால் காலை ஏழரைக்குள் முடித்துக்கொள். செங்கோட்டைக்கு மலை மேற்கே இருக்கிறது. காலை வெயில் கிழக்கிலிருந்து மலைமேல் விழும்போது மடிப்பு மடிப்பாகத் தெரியும். சாயங்காலம் நிஜ அஸ்தமனத்துக்கு முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், பொன்வெயிலை நம்பிக் காத்திருக்காதே. மலை விளிம்பின் கறுப்புக் கோடு மட்டும் போதுமென்றால் அப்போது எடு. நுழைவாயில் வளைவில் இருக்கும் பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சங்கு முத்திரையைப் பக்கவெயில் படும் நேரம் பார்த்துப் போய் எடு, நேர்வெயிலில் தட்டையாகிவிடும்.

சாரல் காலம் உனக்கு வரம். ஆனால் மழைக்கம்பி படத்தில் விழ இரண்டும் வேண்டும்: வெளிச்சம் துளிக்குப் பின்பக்கத்திலிருந்து வரணும், அதற்கும் பின்னால் புளியமரம் மாதிரி இருட்டாக ஏதாவது இருக்கணும். வெள்ளை வானத்தைப் பின்னால் வைத்தால் மழை பெய்த தடயமே இருக்காது. போன் கேமராவில் எல்லாவற்றையும் நாமே மாற்றும் ப்ரோ மோட் இருந்தால் ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) 1/500 வினாடி வை, துளி துளியாக நிற்கும். 1/30 வைத்தால் கோடாக இழுக்கும், ஆனால் கையைத் தூணில் சாய்த்துக்கொள்.

கேமரா எதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். அதனால்தான் இங்கே பனி படத்தில் அழுக்காக விழுகிறது, அங்கே கறுப்பு ஆடு வெளுத்துப்போகிறது. திரையில் ஆட்டின் மேல் தொடு, சூரியக் குறி வரும், அதைக் கீழே இழு. சுண்ணாம்புச் சுவருக்கு மேலே இழு. ஜூம் வேண்டாம், நடந்து கிட்டே போ. எடுக்குமுன் லென்ஸைப் பருத்தித் துணியால் துடை. விளக்கைச் சுற்றிப் புகைபோல் படர்வதற்கு முக்கால்வாசிக் காரணம் விரல் எண்ணெய்.

குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் நுழைந்தால் இங்கே லென்ஸில் நீர் பூக்கும். ஏசி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது உனக்கும் அதேதான். இறங்குமுன்பே போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடி, இறங்கியபின் கால்மணி நேரம் அப்படியே விடு, நீர் பூக்காது.

வீட்டிலிருந்து பத்து நிமிட நடைக்குள் ஒரு வட்டம் வைத்துக்கொள். எத்தனை எடுத்தாலும் அன்றிரவே ஒன்றைத் தேர்ந்து மற்றதை அழித்துவிடு. தள்ளிப்போட்டால் குவிந்து சலித்துப்போகும், இதில்தான் பலரும் பாதியில் விடுகிறார்கள். படம் 4 எம்பி என்றாலும் வருஷத்துக்கு ஒன்றரை ஜிபிதான். பென் டிரைவில் ஒரு பிரதி வை.

எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாகுமென்ட்டாக அனுப்பு. சாதாரணமாக அனுப்பினால் சுருக்கிவிடும், ஆச்சி படத்தை இங்கே பிரிண்ட் போட முடியாது. 4x6 அளவுக்கு 1200x1800 பிக்சலாவது வேணும்.

அன்புடன்,
அண்ணன்