புகார்: வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு ஏத்துன வைட்டமின் ட்ரிப்

வணக்கம் சார், மலேசியாவுல சுங்கை சிப்புட்லேர்ந்து எழுதுறேன். உங்க ஆளுங்க கோயில் மண்டபத்துல வயசானவங்கள உக்கார வெச்சு, கால் மரத்துப்போறது அசதி எல்லாம் ட்ரிப் ஏத்துனா போயிரும்னு சொன்னத நம்பி 6 தடவைக்கு 1,800 வெள்ளி (ரிங்கிட்) கட்டினோம். அம்மாவுக்கு 71 வயசு, முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்துல பால் மரம் சீவினவங்க, இனிப்புநீர் இருக்கு, ராத்திரில இன்சுலின் போடுறவங்க.

வந்த பொண்ணு என்ன மருந்து சாப்புடுறாங்கன்னு கேக்கல, கிட்னி எப்படின்னு கேக்கல, ரத்தமும் எடுக்கல. மூணு இடத்துல குத்தி நாலாவதா புறங்கையில ஏத்துச்சு. 500 மில்லி பை அரை மணி நேரத்துல காலி! நடுவுல அம்மா மூஞ்சி எரியுது தலை சுத்துதுன்னாங்க, அது மெக்னீசியம் ஆண்ட்டி அப்படித்தான் சூடா இருக்கும்னு சொல்லிட்டு கைபேசிய பாத்துக்கிட்டு இருந்துச்சு, ட்யூப்புல இருக்குற சக்கரத்த திருகி மெதுவாக்கக்கூட தோணல.

அதகூட விட்டுருவேன். ராத்திரி விரல குத்திப் பாத்தா சீனி மீட்டர்ல 21.4 மில்லிமோல், காலையில பசியாறுறதுக்கு முன்ன 7.9 தான் இருந்துச்சு. பதறிப்போயி இன்சுலின் பேனாவ ரெண்டு யூனிட் கூட்டித் திருகிட்டேன், எதுக்கும் கேப்போம்னு உங்களுக்கு போன் அடிச்சா 'டீடாக்ஸ் ஆவுதுலா, பயப்படாதீங்க'ன்னாங்க. மனசு கேக்காம ஊசி போடாம பேனாவ வெச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனேன். லேப்ல எடுத்த ரத்தத்துல 8.6! டாக்டர் கேட்ட முத கேள்வியே வைட்டமின் சி ஏத்துனீங்களான்னுதான். உங்க நோட்டீஸ்ல 15 கிராம்னு போட்டிருக்கு. அவ்ளோ ஏத்துனா சில மீட்டருங்க அதையே சீனின்னு காட்டுமாம். நான் கூட்டிப் போட்டிருந்தா அம்மாவுக்கு தூக்கத்துலயே சீனி ரொம்ப இறங்கியிருக்கலாம்.

ஜி6பிடி, அதான் ரத்த அணுவ பாதுகாக்குற நொதி, குறைவா இருக்கான்னு டெஸ்ட் பாத்தாங்களான்னும் டாக்டர் கேட்டாரு. எங்க பிள்ளைங்களுக்கு பொறந்தப்பவே பாத்தாங்க, தோட்டத்து லயத்துல பொறந்த அம்மாவுக்கு யாரு பாத்தா? அந்தக் குறை இருந்து இவ்ளோ வைட்டமின் சி ஏறுனா ரத்த அணு உடைஞ்சிருமாம். கால் மரப்புக்கு, மெட்ஃபார்மின்ங்கிற இனிப்புநீர் மாத்திரைய வருஷக்கணக்கா சாப்புட்டு பி12 வைட்டமின் குறைஞ்சிருக்கலாம்னு டெஸ்டுக்கு எழுதியிருக்காரு, குறைஞ்சிருந்தா அதுக்கு சதையில போடுற சின்ன ஊசிதானாம்.

அந்தப் பையில என்னென்ன எவ்ளோ இருந்துச்சு, எந்த டாக்டர் எழுதிக் குடுத்தாரு, அவரோட ஏபிசி (வருஷா வருஷம் எடுக்குற டாக்டர் தொழில் சான்றிதழ்) நம்பர், வந்த பொண்ணு பதிவு பண்ண நர்ஸா, எல்லாம் எழுத்துல வேணும். ஏத்தாத 5 தடவைக்கு 1,500 வெள்ளியும் 14 நாள்ல வரணும், இல்லன்னா பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல 5 வெள்ளி கட்டி கேஸ் போடுவேன், ரசீது பத்திரமா இருக்கு. வியாழக்கிழமை ஆள் அனுப்ப வேணாம், அம்மா கை இன்னும் வீங்கித்தான் இருக்கு.