மாமா, அந்தப் படத்தை மறுபடி போடுங்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

போன வாரம் கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டே நீங்கள் சொன்னீர்கள், "நீ சொன்னியேன்னு 'கூழாங்கல்' படம் போட்டேன், அப்பனும் மகனும் நடந்துக்கிட்டே இருக்கானுங்க, அரை மணி நேரத்துல அணைச்சுட்டேன்." சுற்றி ஆட்கள் இருந்ததால் நான் ஒன்றும் பேசவில்லை. ஆனால் மனசு கேட்கவில்லை. டைட்டில் ஓட ஆரம்பித்த பிறகு உள்ளே போனால் அது படம் பார்த்ததில் சேராது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தான். நீங்கள் ஒரு படத்தைப் பாதியில் அணைத்தீர்கள் என்றால் எனக்குத் தாங்கவில்லை.

உங்களுக்குத் த்ரில்லர்தான் பிடிக்கும், தெரியும். 'அந்த நாள்' படத்தைப் பற்றி எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! 1954இல் பாட்டு இல்லை, டான்ஸ் இல்லை, சண்டை இல்லை, எடுத்த எடுப்பிலேயே சிவாஜியைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள், அப்புறம் படம் முழுக்க ஆளாளுக்கு அவர் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அதில் ஓட்டம் எங்கே இருக்கிறது? ஆனாலும் உங்களால் கண்ணை எடுக்க முடியவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு ஆள் பேசும்போதும் இவர் எதை மறைக்கிறார் என்று தேடிக்கொண்டே இருந்தீர்கள். கூழாங்கலிலும் அதே தேடல்தான், பேச்சுக்குப் பதில் நடை.

பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு, கோபித்துப் போன மனைவியைக் கூட்டி வரப் போகிறான் அந்த அப்பன். குடிகாரன், கை நீட்டுகிறவன். அங்கே போனால் அவள் அதற்குள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டிருக்கிறாள். திரும்பி வருவதற்கான பஸ் காசை அந்தச் சின்னப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான். இந்த ஆள் சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்தால் அம்மாவுக்கு அடி விழும் என்று அவனுக்குத் தெரியும், நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். அதனால்தான் 13 கிலோமீட்டர் நடை, மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி வெயிலில். வழியில் ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து, வெயிலைப் பிடித்து, முன்னால் போகிற அப்பன் முதுகில் அடிக்கிறான். அவனிடம் இருக்கிற ஒரே ஆயுதம் அது. அப்பன் திரும்பினால் என்ன ஆகும் என்று எனக்கு அடிவயிறு கலங்கியது மாமா, எந்தக் கொலைகாரன் படத்திலும் அப்படிக் கலங்கியதில்லை. 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய படம் என்பதெல்லாம் இருக்கட்டும், அந்தக் கண்ணாடிக்காக மட்டுமே இயக்குநர் பி.எஸ்.வினோத்ராஜுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

'ராட்சசன்' படத்தை நாம் சேர்ந்துதானே பார்த்தோம். இடைவேளை வரை நீங்கள் பாப்கார்னைத் தொடவே இல்லை. நானும்தான். பரபரப்பில் அதற்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் கடைசியில் கொலைகாரன் யார் என்பதற்கு ஒரு காரணம் சொன்னார்களே, நோயோடு பிறந்த பையன், எல்லோரும் கேலி செய்தார்கள், அதனால் இப்படி ஆனான் என்று, அது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. நிஜத்தில் அப்படி ஒரு உடம்போடு வாழ்கிற பிள்ளையைப் பெற்ற ஒரு அம்மா அன்றைக்குத் தியேட்டரில் இருந்திருந்தால்?

'விசாரணை' படம் அப்படி இல்லை. அதில் அடிக்கிறவனுக்கு வெறி கூட இல்லை, கேஸை முடிக்க வேண்டும், அவ்வளவுதான். பூங்காவில் படுத்துத் தூங்கி, கடையில் வேலை பார்க்கிற நாலு தமிழ்ப் பையன்களைக் குண்டூர் போலீஸ் பிடித்துப் போகிறது, எதற்கு என்றே வெகுநேரம் சொல்வதில்லை. கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு.சந்திரகுமார், தான் பட்டதை 'லாக்கப்' என்று நாவலாக எழுதினார், அதிலிருந்து வெற்றிமாறன் எடுத்தது. நீங்கள் அதைப் பார்த்துவிட்டு ரெண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை என்று அத்தை சொன்னார்கள். அப்போது நீங்கள் போரடிக்கிறது என்று சொல்லவில்லை.

'மேற்குத் தொடர்ச்சி மலை' படத்தையும் பாருங்கள். மலையில் சுமை தூக்குகிற ரங்கசாமி கூடவே நாமும் ஏறி இறங்குகிறோம், ஒரு ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் உருளும்போது அதோடு ஒரு துண்டு நிலத்துக்கான ஆசையும் போகிறது. முன்னால் அவ்வளவு தூரம் நடந்திருக்காவிட்டால் அந்த மூட்டை நமக்கு வெறும் மூட்டைதான்.

டாக்குமெண்டரி என்றாலே நியூஸ் ரீல் என்கிறீர்கள். ஆஸ்கர் வாங்கியதே, முதுமலை பொம்மன், பெள்ளி படம், தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ், அது நாற்பது நிமிடம்தான். ரகு என்ற குட்டி யானையை வளர்க்கிறார்கள், பிள்ளையைப் போல. வளர்ந்ததும் அதை வேறு ஆட்களிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். பெள்ளியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இருந்தாலும் எனக்கு ஒரு குறை உண்டு, காடு அவ்வளவு அழகாகத் தெரிகிறது, அந்த ரெண்டு பேரும் என்ன கூலிக்கு வேலை பார்க்கிறார்கள் என்று படம் கேட்கவே இல்லை.

கேட்கிற படம் வேண்டுமென்றால் திவ்யபாரதியின் கக்கூஸ். 2017இல் வந்தது. மலம் அள்ள ஆளை வைப்பதைத் தடை செய்து 2013இலேயே சட்டம் போட்டாகிவிட்டது, அதற்குப் பிறகும் கையால் அள்ளுகிறவர்களை, குழியில் செத்தவர்களின் வீட்டாரை, ஊர் ஊராகப் போய் எடுத்திருக்கிறார். கேமரா ஆடுகிறது, சத்தம் சரியில்லை, எதுவும் முக்கியமில்லை. திரையிடுவதற்கே தடை போட்டார்கள் என்றால் நியூஸ் ரீலுக்கா மாமா அவ்வளவு பயம்? சாப்பிட்டுவிட்டு உடனே பார்க்காதீர்கள், ஆனால் பாருங்கள். நான் முதல் தடவை நடுவில் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுவிட்டேன். எங்கள் தெருச் சாக்கடை அடைத்தபோது உள்ளே இறங்கியவருக்கு நான் ஒரு சொம்புத் தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை என்பது அங்கே நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

சரி, கூழாங்கலுக்கே வருகிறேன். மொத்தமே ஒன்றேகால் மணி நேரத்துப் படம். ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, போனை அத்தையிடம் கொடுத்துவிட்டு, முதலிலிருந்து போடுங்கள். தாகத்துக்குப் பையன் வாயில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொள்கிறான், வீட்டுக்கு வந்ததும் அதைக் கொண்டுபோய் எங்கே வைக்கிறான் என்று பாருங்கள். கடைசியில் ஒரு குழி வரும், அதில் தண்ணீர் ஊற ஊறப் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தை நிரப்புவார்கள். அதுவரை எழுந்திருக்காதீர்கள். முடிந்ததும் எனக்குக் கூப்பிடுங்கள், எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

உங்கள் மருமகன்