கட்டில் கம்பி யாருக்காக?

ஆசிரியருக்கு,

அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களில் கட்டிலின் பக்கவாட்டுக் கம்பிகள் எல்லாமே கைவிலங்குதான் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். இந்த இல்லங்களுக்கான 1987 சீர்திருத்தச் சட்டப்படி ஊழியர்களின் வசதிக்காக யாரையும் கட்டிப்போடக் கூடாது, சரி. ஆனால் கம்பி கட்டிப்போடுவதாகுமா என்று விதி பார்ப்பது படுத்திருப்பவரை வைத்துத்தான். கம்பியைப் பிடித்துப் புரண்டு எழுபவருக்கு அது கைப்பிடி, அதைத் தானே இறக்கத் தெரியாமல் கழிப்பறைக்குப் போக முடியாமல் தவிப்பவருக்கு அதே கம்பி தடை. "விழுந்துவிடுவார்" என்று பல நேரம் பிள்ளைகளே கம்பி கேட்கிறார்கள் (பாசம்தான், வேறென்ன). மறதிநோய் உள்ளவர் அதன்மேல் ஏறி இன்னும் உயரத்திலிருந்து விழலாம், மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவே தலை சிக்கி உயிரே போகலாம். கட்டிலைத் தாழ்த்துவது போன்ற மாற்று வழிகளை முயன்று பார்த்து, ஒப்புதல் வாங்கிய பிறகுதான் கம்பி என்று விதியிலேயே இருக்கிறது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், மாற்று வழிகளை முயன்று பார்த்தார்களா என்று கேளுங்கள்.

– வாசகர், நியூ ஜெர்சி